தோல் தைக்கும் கைமிஷின்: பார்த்து வாங்குங்க
(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)

கையால் சுற்றும் சின்ன மிஷினுக்குக் கரண்ட் வேண்டாம். பாதம் எந்தப் பக்கமும் திரும்பும். செருப்பு, பை ரிப்பேருக்கு அருமை. ஆனால் பாபின் ரொம்பச் சின்னது. குதிரைச் சேணத்தின் கெட்டித் தோலை மடித்து வைத்தால் ஊசி திணறும்.

ஒருமுறை நாங்களே அவசரப்பட்டு ஒரு குழுவுக்கு இதைச் சிபாரிசு செய்தோம். மிஷின் மூலையில் கிடந்தது, தவணை மட்டும் ஓடியது. தப்பு எங்களுடையதுதான்.

அதனால கடைக்கு நம்ம தோல், நம்ம நூலோட போங்க. மடிச்சுத் தைச்சு, அடிப்பக்கம் திருப்பிப் பாருங்க. ஊசி, பாபின் ஆம்பூர், வாணியம்பாடியில் கிடைக்குமான்னு கேளுங்க.

வயிற்றுவார் மாட்டும் இடத்துக்கு மட்டும் மிஷின் வேண்டாம். இரண்டு ஊசி, ஒரே நூல், கைத்தையல்தான். ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடிச்சுக்கும். மிஷின் தையல் பிரிஞ்சா, சவாரி போறவர் கீழே விழுவார்.