வேகத்தின் விலை வெப்பம்



மோட்டார் வண்டியோட்டத்தில் வேட்கையுடையோர், தம் சொந்த வண்டியைப் பந்தயப் பாதைக்குக் கொண்டுசென்று, பொதுவீதியில் காட்டவியலாத வேகத்தைக் காட்டிப் பார்ப்பதற்கென அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தனி நாட்கள் ஒதுக்கப்படுவதுண்டு. அவற்றைப் பாதை நாட்கள் என்பர். அங்கே வெற்றிக் கிண்ணமும் இல்லை. முதலாம் இரண்டாம் இடங்களும் இல்லை. வாரம் முழுவதும் அலுவலகத்திலோ கடையிலோ வைத்தியசாலையிலோ கடமை புரிந்த ஒருவர், கட்டணத்தைச் செலுத்தி, வண்டியைச் சோதனைக்குக் காட்டி, தலைக்கவசம் அணிந்து, குறித்த நேரத்துக்கு மனம்போல ஓட்டிவிட்டு அதே வண்டியில் வீடு திரும்புகிறார்.

அத்தகைய நாட்கள் நடைபெறும் இடங்களுள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள செப்ரிங் என்னும் பாதையும் ஒன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத்தளம் ஒன்றின் ஓடுதளங்களிலே உருவான பாதை அது. 1952 ஆம் ஆண்டிலே தொடங்கிய பன்னிரண்டு மணி நேரப் பந்தயத்தால் அதன் பெயர் உலகெங்கும் பரவியது. ஒரு சுற்று ஏறத்தாழ 6 கிலோமீற்றர், வளைவுகள் 17. பழைய கொங்கிறீற்றுத் தளத்தின் மேடு பள்ளங்கள் ஒருபுறம் வண்டியை உலுப்ப, புளோரிடாவின் வெயில் மறுபுறம் அதனை வாட்டும். இத்தகைய பாதையிலே வலுமிக்க வண்டியொன்று ஓடும்போது அதன் உறுப்புகளுள் எது முதலிற் சோர்வடையும்?

பலரும் இயந்திரம் என்றே விடை கூறுவர். ஆனால் இயந்திரத்துக்கு வேண்டிய காவல் முன்னரே உண்டு. அதனைக் குளிர்விக்க நீரும், அந்நீரைக் குளிர்விக்க ரேடியேற்றரும், அளவு காட்ட முள்ளும் இருக்கின்றன. பிரேக்கு சூடேறினால் மிதியிலே தெரியும். ரயர் தேய்ந்தால் கண்ணிலே தெரியும். கியர்ப் பெட்டியோ வண்டியின் அடிவயிற்றில், தளத்துக்குக் கீழுள்ள ஒடுங்கிய குகை போன்ற பகுதியில், கொதிக்கும் புகைக் குழாய்களுக்கு அயலிலே அடைபட்டுக் கிடக்கிறது. காற்று அதனை நாடிச் செல்வது அரிது. பல வண்டிகளில் அதன் வெப்பநிலையைக் காட்டும் முள்ளும் இல்லை. வீட்டிலே வாய்திறவாது உழைப்பவரின் நோயைப் பிறர் காலந்தாழ்த்தியே அறிவது போல, கியர்ப் பெட்டியின் துன்பமும் முற்றிய பின்னரே வெளிப்படுகிறது.

அவ்வெப்பம் எங்கிருந்து வருகிறது? இயந்திரம் பிறப்பிக்கும் வலு முழுவதும் பற்சில்லுகளின் வழியாகவே சக்கரங்களைச் சென்றடைய வேண்டும். பல்லோடு பல் பொருந்தி உருளும்போது சிறிது உராய்வும் நிகழ்கிறது. அச்சைத் தாங்கும் உருளைகளிலும், எண்ணெயைக் கடைந்து கலக்குவதிலும் இன்னுஞ் சிறிது வலு கரைகிறது. கரைந்த வலு மறைந்து போவதில்லை, வெப்பமாக உருமாறுகிறது.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் சமதரையில் அமைதியாகச் செல்லும் காருக்கு ஏறத்தாழ 20 பரிவலு போதும். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு கியர்ப் பெட்டியிலே வெப்பமாகிறது எனக் கொண்டால், அது 300 உவாற்று அளவே. சில மின்குமிழ்களின் சூட்டுக்கு ஒப்பானது. அதே வண்டி பாதையிலே 500 பரிவலுவைச் செலுத்தும் வேளையிலோ, அதே இரண்டு பங்கு 7 கிலோவாற்றைத் தாண்டிவிடும். நீர் கொதிக்க வைக்கும் மின்கேத்தல்கள் நான்கினை அச்சிறு பெட்டிக்குள் ஒருசேர இயக்கினாற் போன்ற சூடு அது. வளைவுதோறும் வேகம் குறைவதால் அச்சூடு இடையிடையே தணியினும், நேர்ப்பாதை வந்ததும் மீண்டும் ஏறுகிறது. உள்ளே பிறக்கும் வெப்பம் வெளியேறும் வெப்பத்தினும் மிகுந்திருக்கும் வரை, சுற்றுக்குச் சுற்று வெப்பநிலை உயர்ந்துகொண்டே செல்லும்.

தானியங்கிக் கியர்ப் பெட்டியின் நிலை இன்னும் கடினமானது. இயந்திரத்தின் வலு அங்கே முறுக்கு மாற்றி என்னும் பாகத்தின் வழியாக, எண்ணெயின் சுழற்சியாலேயே கைமாறுகிறது. அதன் இரு பக்கங்களும் ஒரே வேகத்திற் சுழலாது ஒன்று மற்றொன்றினின்றும் பின்தங்கும்போது, அவ்வேறுபாட்டால் இழக்கப்படும் வலு எண்ணெயின் சூடாகிறது. உள்ளிருக்கும் பூட்டுக் கிளச்சு இரு பக்கங்களையும் பிணைத்துவிட்டால் அச்சூடு பெரிதும் தணியும். ஆயினும் அடிக்கடி வேகம் கூட்டியும் குறைத்தும் ஓட்டுகையில் அப்பிணைப்பு விடுபட்டு விடுபட்டு மீளும்.

இவற்றின் நடுவே எல்லாத் துன்பத்தையும் சுமப்பது எண்ணெயே. பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் மெல்லிய படலமாக நின்று தேய்வைத் தடுப்பதும், பிறந்த சூட்டை ஏந்திச் செல்வதும் அதன் தொழில். தானியங்கிப் பெட்டியிலே அழுத்தத்தைக் கடத்திக் கிளச்சுகளை இயக்குவதும் அதுவே. சூடு மிகுந்தால் அதன் பிசுக்குமை குறைந்து படலம் மெலிகிறது. காற்றிலுள்ள ஒட்சிசனோடு அது சேர்ந்து கெடுவதும் விரைவாகிறது. வெப்பநிலை 10 பாகை உயருந்தோறும் அக்கேடு ஏறக்குறைய இருமடங்காகும் என்பது பொதுவாகக் கையாளப்படும் கணக்கு. அதன்படி 80 பாகை செல்சியசில் வாழ்ந்த எண்ணெய் 120 பாகையில் பதினாறு மடங்கு விரைவாக முதுமையடையும். பின்னர் அது கருகி நாற்றமெடுக்கும். கிளச்சுத் தட்டுகளின் மேல் வார்னிசு போலப் படியும். எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் இறப்பர் வளையங்களோ இறுகி வெடித்துக் கசிவுக்கு வழிவிடும்.

இக்கேட்டினின்றும் பெட்டியைக் காப்பதற்காக இக்கால வண்டிகளிலே கணினியொன்று காவல் புரிகிறது. வெப்பநிலை எல்லை கடந்தால் அது இயந்திரத்தின் வலுவைத் தானாகவே குறைத்துவிடும். பெட்டி பிழைத்துக் கொள்ளும். ஆனால் பின்னால் வேகமாக வரும் வண்டிகளுக்கு நடுவே, முன்னே சென்ற வண்டி திடீரென நொண்டத் தொடங்குவது எத்தகைய ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மெய்யான சான்றொன்று அமெரிக்காவிலேயே உண்டு. கரோல் ஷெல்பி என்பவர் 1959 ஆம் ஆண்டிலே பிரான்சின் லெ மான் பந்தயத்தை றோய் சல்வடோரியோடு இணைந்து வென்ற வீரர். 1965 இல் அவர் போர்ட் நிறுவனத்தின் மஸ்ராங் வண்டியைத் திருத்தியமைத்து ஜி.ரி. 350 எனப் பெயரிட்டார். அரை நூற்றாண்டு கழித்து, 2016 ஆம் ஆண்டின் புதிய வடிவமாகப் போர்ட் நிறுவனம் அப்பெயரை மீண்டும் வழங்கியது. 5.2 லீற்றர்க் கொள்ளளவும், 526 பரிவலுவும், நிமிடத்துக்கு 8,000 சுழற்சிக்கு மேற் செல்லும் இயந்திரமும், கையாற் கியர் மாற்றும் ஆறு படிப் பெட்டியும் அதற்கு வாய்த்திருந்தன. பந்தயப் பாதையின் பெருமையைச் சொல்லியே அவ்வண்டி விற்பனைக்கு வந்தது.

எனினும் அவ்வாண்டு விற்ற வகைகளுள் அடிப்படை வகையிலும் தொழில்நுட்பத் தொகுதி என்ற வகையிலும் கியர்ப் பெட்டி எண்ணெயைக் குளிர்விக்கும் சாதனம் பொருத்தப்படவில்லை. பாதைத் தொகுதி என்ற வகையிலே அது இருந்தது. முதலிரு வகைகளை வாங்கியோர் சிலர், பாதையிலே தம் வண்டிகள் சூடேறி வலுவிழந்தன என்று முறையிட்டனர். 2017 மார்ச்சு மாதத்தில் மயாமியிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் அவர்கள் வழக்குத் தொடர்ந்தனர். நிறுவனம் தன் மீதான குற்றச்சாட்டுகளை மறுத்தது. 2023 இலும் அவ்வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்திலே ஆராயப்பட்டது. எனினும் 2017 ஆம் ஆண்டின் வண்டிகளிலே அக்குளிர்விப்புச் சாதனம் எல்லா வகைகளுக்கும் உரியதாக்கப்பட்டது. நீதிமன்றத்தின் நியாயம் எப்பக்கமாயினும் ஆகுக. வலுவை வாங்குவோர் அவ்வலு பிறப்பிக்கும் வெப்பத்தை வெளியேற்றும் வழியையும் கேட்டு வாங்க வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி ஐயமற உணர்த்துகிறது.

அவ்வழி யாது? கொதிக்கும் தேநீரைக் குடிக்கத் தருமுன் இரு குவளைகளுக்கிடையே நீள இழுத்து ஆற்றுகிறார்கள் அல்லவா? எண்ணெய் குளிராக்கியின் தத்துவமும் அதுவே. சூடான எண்ணெயைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்து, மெல்லிய தகடுகள் பொருத்திய குழாய்களிலே பரப்பி, காற்றுக்குக் காட்டி, மீண்டும் உள்ளே அனுப்புகின்றனர். தானியங்கிப் பெட்டியில் எண்ணெயைத் தள்ளும் பம்பி ஏற்கெனவே உண்டு. பல வண்டிகளிலே அவ்வெண்ணெய் ரேடியேற்றரின் உள்ளே சென்று மீளும். ஆனால் அங்குள்ள நீரே 90 பாகையை ஒட்டி நிற்பதால், எண்ணெய் அதற்குக் கீழே குளிர முடியாது. ஆகவே காற்றால் ஆறும் தனிக் குளிராக்கி வேண்டப்படுகிறது. கையாற் கியர் மாற்றும் பெட்டிகள் பலவற்றிலே எண்ணெய் வெறுமனே தெறித்துப் பரவுவதால், அங்கே மின்பம்பியும் சேர்க்க வேண்டும். பல்லிலிருந்து உதிரும் இரும்புத் துகள் பம்பியைக் கெடாதவாறு முன்னால் வடிகட்டியும் வைக்க வேண்டும்.

குளிராக்கியை வைக்கும் இடமும் முக்கியமானது. ரேடியேற்றருக்கு முன்னால் நெருக்கி வைத்தால், பெட்டியின் சூட்டை எடுத்து இயந்திரத்தின் தலையிற் சுமத்தியதாக முடியும். புதுக்காற்று நேரே நுழையவும், சூடான காற்று தடையின்றி வெளியேறவும் வழியிருத்தல் வேண்டும். குழாய்கள் புகைக் குழாயைத் தொடாமலும், பொருத்துகள் கசியாமலும் இருக்க வேண்டும். பாதையிலே சிந்தும் எண்ணெய் சிந்தியவரை மட்டுமன்றிப் பின்னால் வருபவரையும் வழுக்கி வீழ்த்தும். அளவுக்கு மிஞ்சிய குளிர்ச்சியும் நன்றன்று. எண்ணெய் தக்க சூட்டை அடையுமுன் அதனைக் குளிராக்கிக்கு விடாத வால்வு ஒன்றும் தேவை.

சாதனம் பொருத்தியதோடு கடமை முடிந்துவிடவில்லை. வெப்பநிலை காட்டும் கருவியொன்று ஓட்டுநரின் கண்முன்னே இருக்க வேண்டும். பாதைக்குச் செல்லுமுன் வண்டியைச் செய்தோர் விதித்த தரத்திலே புதிய எண்ணெய் நிரப்புதல் நன்று. அளவு குறைந்தால் படலம் அறும். கூடினால் பற்சில்லுகள் அதனைக் கடைந்து நுரைக்கச் செய்யும். பாதை நாளுக்குப் பின் எண்ணெயின் நிறத்தையும் மணத்தையும் பார்த்து, கருகியிருப்பின் கிலோமீற்றர்க் கணக்குக்குக் காத்திராது மாற்றிவிட வேண்டும். புகைக் குழாய்க்கும் பெட்டிக்கும் இடையே வெப்பத்தைத் தடுக்கும் தகடு ஒன்றும் உதவும்.

இவை யாவற்றினும் மலிவான குளிராக்கி ஓட்டுநரின் பொறுமையே. முதற் சுற்றை மெதுவாக ஓட்டி எண்ணெயைப் பதமாகச் சூடாக்குதல், 15 அல்லது 20 நிமிடத்துக்கு மேல் இடைவிடாது ஓட்டாதிருத்தல், கடைசிச் சுற்றில் உயர்ந்த கியரிலே அமைதியாகச் சென்று காற்றைக் கொண்டே வண்டியை ஆறவிடுதல் ஆகிய மூன்றும் செலவில்லாத மருந்துகள். தானியங்கி வண்டியாயின் கியரைத் தானே தெரிந்து நிறுத்தி, வீண் மாற்றங்களையும் நழுவலையும் குறைக்கலாம். நின்ற நிலையிலிருந்து பாய்ந்து புறப்படும் விளையாட்டை அடுத்தடுத்து நிகழ்த்தாதிருத்தல் கிளச்சுக்குச் செய்யும் பேருதவி.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் செய்யத்தக்கது ஒன்றே. இன்னும் ஒரு சுற்று ஓடி முடிப்போம் என்னும் ஆசையை அக்கணமே கைவிட்டு, பின்வருவோருக்குச் சைகை காட்டி, வேகப் பாதையினின்றும் விலகி, மெல்ல ஓடித் தரிப்பிடத்தை அடைதல் வேண்டும். அவ்வொரு சுற்றை விட்டுக்கொடுத்தவருக்கு இழப்பு சில நிமிடங்களே. பிடிவாதமாக ஓடியவரோ பெட்டி முழுவதையும் இழக்கக்கூடும். அவரால் பிறர் உயிருக்கும் இடர் நேரக்கூடும்.

வலுவைப் பெருக்கும் கலையில் மனிதன் வெகுதூரம் முன்னேறிவிட்டான். பெருக்கிய வலுவின் ஒரு பங்கு எப்பொழுதும் வெப்பமாகத் திரும்பி வந்து தன் கணக்கைக் கேட்கும். அக்கணக்கைச் சுற்றுக்குச் சுற்றுச் சிறுகச் சிறுகத் தீர்ப்பவரின் வண்டி மாலையிலே தன் சொந்த வலுவில் வீடு செல்கிறது. தீர்க்க மறந்தவரின் வண்டியோ பிறிதொரு வண்டியின் முதுகிலே ஏறிச் செல்கிறது.