கடைசி நிமிஷத்தில் வருவாரா?

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"அமெரிக்காவுல இத்தனை வருஷம் இருந்தியே, அந்த ஊர் எலெக்ஷனைப் பத்திப் பேசேன்" என்றார் நம் செயலாளர். முழுத் தேர்தலையும் பேசினால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும். ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதாவது, பந்தயம் தொடங்கிய பிறகும் "இன்னொருத்தர் வரப்போறாராமே" என்று கிளம்புகிற பேச்சு.

நமக்கும் அது புதிதல்ல. எங்கள் இறுதி ஆண்டில் பேரவைத் தேர்தலில் நின்ற இரண்டு பேரையும் யாருக்கும் பிடிக்கவில்லை. மூன்றாவதாக ஒருவன் நிற்பான் என்று ஹாஸ்டல் முழுக்கப் பேச்சு. பெயர் வேண்டாம், முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறான். நாலு மணிக்கு மனுத்தாக்கல் முடிந்தபோது அவன் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு வாரம், நின்றவர்களில் யார் தேவலை என்று நாங்கள் விசாரிக்கவே இல்லை.

1991 ஆகஸ்டில் மேல்படிப்புக்காக நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனிக்குப் போனேன். ஒரு வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் ஒரு பள்ளி ஆசிரியர். நான் பழக்கதோஷத்தில் 'சார்' என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு அதில் ஒரே சிரிப்பு.

அங்கே கட்சி வேட்பாளரை மேலிடம் நியமிப்பதில்லை. மாநிலம் மாநிலமாகப் பிரைமரி நடக்கும், அதில் மக்களே வாக்களிப்பார்கள். முதல் பிரைமரி நியூ ஹாம்ப்ஷையரில். அந்த முறை ஜனநாயகக் கட்சியில் ஐந்தாறு பேர் களத்தில் இருந்தும், ஊர் முழுக்கப் பேசியது நிற்காத ஒருவரைப் பற்றி. அவர்தான் எங்கள் ஆளுநர் மரியோ குவோமோ. பிரமாதமான பேச்சாளர். நிற்பாரா, மாட்டாரா என்று மாதக்கணக்கில் இழுத்ததால் 'ஹட்சன் நதிக்கரை ஹேம்லெட்' என்று பத்திரிகைகள் கேலி செய்தன.

டிசம்பர் 20, மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள். அவரை நியூ ஹாம்ப்ஷையருக்கு அழைத்துப்போக ஆல்பனி விமான நிலையத்தில் விமானம் தயாராக நின்றது. சாரும் நானும் டி.வி. முன்னால். குவோமோ வந்தார். மாநில பட்ஜெட் சிக்கல் தீரவில்லை, அதை விட்டுவிட்டுப் போக முடியாது என்றார். அவ்வளவுதான். விமானம் கிளம்பவில்லை.

சார் டி.வி.யை அணைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு 1968-ஐப் பற்றிச் சொன்னார். மாணவர்களே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

அப்போது ஜான்சன் ஜனாதிபதி. வியட்நாம் போர். சொந்தக் கட்சி ஜனாதிபதியை எதிர்த்துப் பெரிய தலைவர் யாரும் நிற்கத் துணியவில்லை. துணிந்தவர் யூஜின் மெக்கார்த்தி என்ற செனட்டர் மட்டுமே. அவருக்காகக் கல்லூரி மாணவர்கள் தலைமுடியை வெட்டி, தாடியை மழித்து, நியூ ஹாம்ப்ஷையர் குளிரில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். என் வீட்டுக்காரர் அவர்களில் ஒருவர். மார்ச் 12 அன்று மெக்கார்த்தி சுமார் 42 சதவீதம் வாங்கினார். ஜான்சனுக்கு 49. தோல்விதான், ஆனாலும் நாடே அதிர்ந்தது.

நாலே நாளில், மார்ச் 16-ல், "நானும் நிற்கிறேன்" என்றார் ராபர்ட் கென்னடி. மாதக்கணக்கில் எல்லோரும் கெஞ்சியபோது வராதவர்! "நாங்க உழுது வெச்சோம், அவர் அறுவடைக்கு வந்தார். அவர் படத்தைப் பார்த்தாலே எரிச்சலா வரும்" என்றார் சார். மார்ச் 31-ல் ஜான்சன் விலகினார். ஜூனில் கலிபோர்னியா பிரைமரியில் வென்ற இரவிலேயே கென்னடி சுடப்பட்டார். "அதுக்கப்புறம் அவர்மேல கோபப்படவும் முடியல, கோபத்தை மறக்கவும் முடியல" என்றார். அவர் குரல் அப்போது மாறியிருந்தது.

கடைசியில் வேட்பாளரானவர் யார்? துணை ஜனாதிபதி ஹம்ஃப்ரி. ஏப்ரல் கடைசியில் வந்தார், ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடவில்லை. கட்சிப் பெருந்தலைகளின் ஆதரவே போதுமாக இருந்தது. சிகாகோ மாநாட்டில் தெருவெல்லாம் தடியடி. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் கட்சி விதிகளை மாற்றியது. 1972 முதல் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் மக்கள் ஓட்டின்படிதான் தீர்மானமாகிறார்கள். தாமதமாக வருகிறவர் கதவைத் தட்டினாலும் பிரதிநிதிகள் பாதிப்பேர் ஏற்கெனவே பங்கிடப்பட்டிருப்பார்கள்.

1976-ல் ஜெர்ரி பிரௌன் தாமதமாக வந்து கலிபோர்னியாவையே ஜெயித்தார், வேட்பாளரானது கார்ட்டர். நடிகரும் முன்னாள் செனட்டருமான ஃபிரெட் தாம்சன் 2007 செப்டம்பரில் குடியரசுக் கட்சிப் போட்டிக்கு வந்தார், 2008 ஜனவரியில் வீட்டுக்குப் போனார். கோடீஸ்வரர் புளூம்பெர்க் 2019 நவம்பரில் வந்து, முதல் நாலு மாநிலங்களை விட்டுவிட்டு, சுமார் 100 கோடி டாலர் செலவழித்தார். ஜெயித்த ஒரே இடம் அமெரிக்கன் சமோவா. அட்லஸில் தேடினால்தான் கிடைக்கும்!

சரியான காலத்தில் வந்தவர்களுக்கே கையெழுத்துச் சேகரிப்பது பெரும்பாடு. 2012-ல் வர்ஜீனியாவில் 10,000 வாக்காளர் கையெழுத்து வேண்டும். கவர்னராக இருந்த ரிக் பெர்ரிக்கே ஓட்டுச் சீட்டில் பெயர் இல்லாமல் போனது.

நம் துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸ் கதை வேறு. 2024-ல் பிரைமரியெல்லாம் முடிந்த பின், ஜூலை 21-ல் பைடன் விலகினார். அந்த கவர்னர் வருவார், இந்த கவர்னர் வருவார் என்று பேச்சு பறந்தது. எவரும் வரவில்லை. இரண்டு மூன்று நாளில் கட்சி ஹாரிஸ் பின்னால் நின்றுவிட்டது. நவம்பரில் அவர் தோற்றபோது, "முறையாக ஒரு பிரைமரி வைத்திருக்கலாமே" என்றார்கள். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

ஆல்பனிக்கு வருகிறேன். குவோமோ மறுத்த பிறகும் சிலர் விடவில்லை, ஓட்டுச் சீட்டில் அவர் பெயரைக் கையால் எழுதச் சொல்லிப் பிரசாரம் செய்தார்கள். சாரும் அதில் சேருவார் என்றே நினைத்தேன்.

1992 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, விடிவதற்கு முன் அவர் காரிலிருந்து பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நியூ ஹாம்ப்ஷையர் போகிறாராம், பால் சாங்கஸுக்கு வீடு வீடாக ஓட்டுக் கேட்க. சாங்கஸ் புற்றுநோயிலிருந்து மீண்டவர், குரல் எடுபடாத முன்னாள் செனட்டர். ஜனநாயகக் கட்சியில் 1991 ஏப்ரலிலேயே முதல் ஆளாகக் களத்தில் இறங்கியவர்.

"இவரை உங்களுக்கு எப்போதிலிருந்து பிடிக்கும் சார்?" என்று கேட்டேன்.

"போன வாரத்திலிருந்து. அந்த மனுஷன் பத்து மாசமா அங்கேயேதான் நின்னுக்கிட்டிருந்தார். நான் வேற பக்கம் பார்த்துக்கிட்டிருந்தேன்."

பிப்ரவரி 18-ல் சாங்கஸ் அங்கே முதலிடம் பிடித்தார். இரண்டாவதாக வந்த கிளின்டன்தான் பிறகு வேட்பாளராகி ஜனாதிபதியும் ஆனார். சாங்கஸ் மார்ச்சிலேயே விலகிவிட்டார். ஆனால் அந்தச் சனிக்கிழமை சார் இரவு வெகு நேரம் கழித்துத்தான் திரும்பினார். காலுறையெல்லாம் ஈரம். சமையலறையில் உட்கார்ந்து, எத்தனை கதவு திறந்தது, எத்தனை திறக்கவில்லை என்று எனக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.