பரணில் தூங்கும் சின்ன எஞ்சின்கள்

(கொல்கத்தாவில் நடந்த நமது சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் உயில் எழுதுவது பற்றி ஒரு வக்கீல் விரிவாகப் பேசினார். அதற்கு முந்தைய கூட்டத்தில் சர்க்கரை வியாதி. அந்த வரிசையில் மாடல் ஏரோப்ளேன் எஞ்சின் என்றால் விளையாட்டுச் சமாசாரமாகத் தோன்றும். ஆனால் உயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மேஜை மேல் மூன்று எஞ்சின்கள் வைத்திருக்கிறேன். பின் வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவுதான். ஒன்று இங்கிலாந்தில் செய்த மில்ஸ், 0.75 சி.சி. இன்னொன்று அமெரிக்காவின் காக்ஸ், சுமார் 0.8 சி.சி. மூன்றாவது அரோரா. அது எங்கே செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். ஸ்கூட்டர் எஞ்சின் 100, 150 சி.சி. என்பது உங்களுக்குத் தெரியும். அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத இந்தச் சாமான் நிமிடத்துக்கு ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று சுற்றும். காக்ஸ் அதைப்போல் இரண்டு மடங்கு சுற்றும்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பில் பிரவுன் என்ற இளைஞர் 10 சி.சி. பெட்ரோல் எஞ்சின் ஒன்றைச் செய்தார். அதுதான் பிரவுன் ஜூனியர். அதுவரை பெரும்பாலும் ரப்பரை முறுக்கித்தான் மாடல் விமானம் பறக்கவிட்டார்கள். 1933-ல் மாக்ஸ்வெல் பாசெட் என்பவர் பிரவுனின் எஞ்சினைப் பூட்டிப் பறக்கவிட்டு, அமெரிக்க தேசியப் போட்டியில் ரப்பர் விமானங்களையெல்லாம் தோற்கடித்தார். ஆனால் அந்த எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக், காயில், கண்டென்சர், பேட்டரி எல்லாம் வேண்டும். எஞ்சினைவிட அதன் பரிவாரம் கனம்.

இந்தப் பரிவாரத்தை ஒழிக்க இரண்டு வழிகள் பிறந்தன. ஐரோப்பாவில், முக்கியமாக ஸ்விட்சர்லாந்தில், பிளக்கே இல்லாத டீசல் வகை உருவானது. யுத்தம் முடிந்ததும் இங்கிலாந்தில் அது வேரூன்றியது. மில்ஸ் கம்பெனியின் 1.3 சி.சி. எஞ்சின் 1946-ல் வந்தது. அமெரிக்காவில் 1947-ல் ரே ஆர்டன் என்பவர் க்ளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதில் பிளாட்டினம் கம்பிச் சுருள் இருக்கும். கிளப்பும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொடுவார்கள். பிறகு எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவி பட்டுக் கம்பி தானாகவே கனன்றுகொண்டிருக்கும். கலிபோர்னியாவில் லீராய் காக்ஸ் இந்த முறையில்தான் லட்சக்கணக்கான குட்டி எஞ்சின்களைச் செய்து குழந்தைகள் கையில் கொடுத்தார். அவருடைய டீ டீ 010 வெறும் 0.16 சி.சி.

இப்போது மூன்றாவது எஞ்சினுக்கு வருகிறேன். அரோரா எங்கே செய்தது? இதே கொல்கத்தாவில்தான். இறக்குமதிக்கு லைசென்ஸ் கேட்ட காலத்தில், மில்ஸ் மாதிரியை ஒட்டி இங்கேயே டீசல் எஞ்சின் செய்தார்கள். என்.சி.சி.யின் விமானப் பிரிவு 1950 ஏப்ரலில் தொடங்கியபோது முதல் இரண்டு ஸ்க்வாட்ரன்களில் ஒன்று பம்பாயில், மற்றொன்று இந்த ஊரில். ஏரோமாடலிங் அந்தப் பிரிவின் பாடங்களில் ஒன்று. பையன் நடுவில் நிற்பான். கையில் இரண்டு கம்பி. விமானம் அவனைச் சுற்றி வட்டமடிக்கும். கண்ட்ரோல் லைன் என்று பெயர். இங்கே உட்கார்ந்திருக்கும் மாமாக்களில் சிலருக்கு அந்தத் தலைசுற்றல் இன்னும் ஞாபகம் இருக்கும். அரோரா எஞ்சின்களை இன்று மேல்நாட்டு சேகரிப்பாளர்களும் தேடி வாங்கி வைத்திருக்கிறார்கள்.

டீசல் எஞ்சினின் ஆகாரத்தைப் பற்றிச் சொன்னால் மாமிகளுக்கும் பிடிக்கும். கிருஷ்ணாயில் ஒரு பங்கு, விளக்கெண்ணெய் ஒரு பங்கு, ஈதர் ஒரு பங்கு. பழைய கணக்கு இதுதான். ஈதர் ஏறக்குறைய 160 டிகிரி சூட்டிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். அதனால் அழுத்தினாலே போதும், பிளக் வேண்டாம். பலம் கிருஷ்ணாயிலிலிருந்து வருகிறது. விளக்கெண்ணெய் உராய்வைத் தடுக்கிறது. நமக்கெல்லாம் சின்ன வயசில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அதே எண்ணெய்தான். முதல் உலகப் போர் விமானங்களின் சுழலும் எஞ்சின்களிலும் அதைத்தான் ஊற்றினார்கள். உலகத்திலேயே ஆமணக்கு அதிகம் விளைவது நம் தேசத்தில்தான், அதிலும் குஜராத்தில். ஆனால் பூஜைக்கு விற்கும் தீப எண்ணெயை ஊற்றாதீர்கள். அது பல எண்ணெய்களின் கலவை. மருந்துக் கடையில் கிடைக்கும் சுத்தமான விளக்கெண்ணெய்தான் வேண்டும்.

இந்த எஞ்சினின் உயிர் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள பொருத்தத்தில் இருக்கிறது. ரிங் கிடையாது. ஒவ்வொரு ஜோடியையும் ஒன்றோடொன்று தேய்த்துச் சேர்த்திருப்பார்கள். ஒன்றின் பிஸ்டனை இன்னொன்றில் போட்டால் சேராது. அந்தப் பொருத்தம் போனால் எஞ்சின் போன மாதிரிதான். அதனால் பழைய எஞ்சின் கிடைத்தால் என்ன செய்யக்கூடாது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

முப்பது, நாற்பது வருஷம் கிடந்த எஞ்சின் சுற்றாது. துரு என்று நினைத்து விடாதீர்கள். பெரும்பாலும் விளக்கெண்ணெய் காய்ந்து கோந்தாகப் பிடித்திருக்கும். குறடால் பிடித்துத் திருகினால் கனெக்டிங் ராட் வளையும் அல்லது உடையும். பிளாஸ்டிக் டாங்க் இருந்தால் கழற்றிவிட்டு, தலைமுடி உலர்த்தும் டிரையரால் நன்றாகச் சூடாக்குங்கள். கோந்து இளகும். மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, ப்ரொப்பெல்லரைக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். அசையவில்லையா? மறுபடி சூடு, மறுபடி எண்ணெய். ஒரு வாரம் ஆனாலும் அவசரப்படக்கூடாது. வெளியில் கருகிப் படிந்த கறைக்கு, கார் ரேடியேட்டர் கூலன்ட்டில் உலோகப் பாகங்களை மெல்லிய சூட்டில் ஊறவைப்பார்கள். அது விஷம். அதற்குத் தனிப் பாத்திரம், அதுவும் வாசலுக்கு வெளியே. அடுக்களை வாணலியை எடுத்தீர்களானால் அப்புறம் நான் பொறுப்பில்லை. பாலிஷ் போட்டுப் பளபளக்க வைப்பதும் வேண்டாம். பழைய நிறம் போனால் திரும்ப வராது.

ஓட்டுவதற்கு முன் மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, ஈதர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். பூஜை அறையில் விளக்கு எரியும்போது பக்கத்து அறையில் ஈதர் பாட்டிலைத் திறப்பது வீட்டுக்கே ஆபத்து. கலப்பது, ஓட்டுவது எல்லாம் மொட்டை மாடியில்தான். பழைய ஈதரை வருஷக்கணக்கில் வைத்திருப்பதும் தவறு. அதில் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேரும். இரண்டு, ப்ரொப்பெல்லர் சுற்றும் தளத்தில் யாரும் நிற்கக்கூடாது. அங்கவஸ்திரம், தொங்கும் கை, கழுத்துச் சங்கிலி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. கீறல் விழுந்த ப்ரொப்பெல்லரைத் தூர எறியுங்கள். மூன்று, மெத்தனால். க்ளோ எஞ்சினுக்கு அதுதான் எரிபொருள். அதைக் குடித்தால் கண் போகும், உயிரும் போகும். பல மாநிலங்களில் அதன் விற்பனைக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அதனால்தான் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு டீசலையே சிபாரிசு செய்கிறேன்.

கனமான பலகையில் எஞ்சினை நன்றாக முடுக்கி, கார்பரேட்டர் வாயை விரலால் மூடி இரண்டு சுற்று. பிறகு விரலுறை போட்டுக்கொண்டு ப்ரொப்பெல்லரைத் தட்ட வேண்டும். மேலே உள்ள கம்ப்ரெஷன் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கை வழக்கத்தைவிடக் கனமாக உணர்ந்தால் உள்ளே எரிபொருள் தேங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது பலவந்தமாகத் தட்டக்கூடாது. ஸ்க்ரூவைத் தளர்த்தி, தேங்கியதை வெளியேற்றிவிட்டுத் தட்ட வேண்டும். ஒரு 'டப்' கேட்கும். அப்புறம் இரண்டு. அப்புறம் பிடித்துக்கொள்ளும். சூடேறியதும் ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்தி, நீடில் வால்வைச் சரிசெய்தால் சத்தம் ஒரே சீராக வரும். எந்தப் புத்தகமும் அந்தக் கனத்தைக் கைக்குச் சொல்லித்தராது. பக்கத்தில் நின்று ஒருவர் காட்டினால் கால் மணியில் வந்துவிடும்.

ஓட்டலாமா, அலமாரியில் வைத்துவிடலாமா என்று சேகரிப்பவர்களிடையே ஓயாத வாதம் உண்டு. ஓட்டினால் தேயும் என்பார்கள். உண்மைதான். ஆனால் தாராளமாக விளக்கெண்ணெய் கலந்து வருஷத்துக்குப் பத்து நிமிஷம் ஓட்டுவதால் வரும் தேய்மானம் சொற்பம். சும்மா கிடந்து பிடிக்கும் துருதான் பெரிய சத்ரு, அதுவும் கொல்கத்தா மழைக்காலத்தில். என் வழக்கம் இது. ஒரே ரகத்தில் இரண்டு இருந்தால் ஒன்றை ஓட்டுவேன். பெட்டியைவிட்டு வெளியே வராத, ஒருமுறைகூட ஓடாத எஞ்சினை ஓட்டமாட்டேன். தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அதற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் விட்டுக் கையால் சுற்றுவதோடு சரி. ஓட்டியதை, டாங்கில் உள்ளது தீரும்வரை ஓடவிட்டு, எண்ணெய் விட்டுத்தான் வைப்பேன்.

இப்போது உயில் விஷயம். நம் சமூகத்தில் குழந்தைகள் நியூ ஜெர்சியிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அப்பா காலமானதும் பத்து நாள் லீவில் வந்து ஃப்ளாட்டைக் காலி செய்கிறார்கள். வீடு, பாங்க் கணக்கு, நகை எல்லாம் உயிலில் இருக்கும். பரண் மேல் இருக்கும் பிஸ்கட் டப்பாவைப் பற்றி ஒரு வரி இருக்காது. எண்ணெய்ப் பிசுக்கோடு நாலு உலோகத் துண்டு. பழைய சாமான்காரர் அலுமினியம் விலையில் நிறுத்து எடுத்துக்கொண்டு போவார். அவரையும் குறை சொல்ல முடியாது, பிள்ளைகளையும் குறை சொல்ல முடியாது. டப்பாவில் இருப்பது என்ன என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இந்த ஊரிலேயே செய்த எஞ்சின்கள் இந்த ஊரிலிருந்தே மறைவது இப்படித்தான்.

அதனால் என் வேண்டுகோள் இரண்டே. வீட்டில் அப்படி டப்பா இருந்தால், ஒவ்வொரு எஞ்சினோடும் ஒரு சீட்டு எழுதி வையுங்கள். பெயர், சி.சி., டீசலா க்ளோவா, கடைசியாக ஓடிய வருஷம், உங்களுக்குப் பிறகு யாருக்குப் போக வேண்டும். இந்த ஐந்தும் போதும். இரண்டாவது, பேரனோ பேத்தியோ லீவுக்கு வரும்போது ஒருமுறை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் கிளப்பிக் காட்டுங்கள். முன்பு ஓட்டியவர்களில் பலருக்கு இப்போது எழுபது, எண்பது வயசு. கற்றுக்கொடுக்க இன்னும் வெகுகாலம் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

கூட்டம் முடிந்ததும் இந்த அரோராவை வெளியே முற்றத்தில் ஓட்டிக் காட்டுகிறேன். விருப்பமுள்ளவர்கள் வரலாம். அங்கவஸ்திரத்தை மட்டும் உள்ளேயே வைத்துவிட்டு வாருங்கள்.