ஆங்கிலத்தில் நாளையைப் பற்றிப் பேசுதல்



ஆங்கிலத்தில் எதிர்காலம் என்றதும் ‘ஷால்’, ‘வில்’ என்னும் இரண்டு சொற்களே நம் நினைவுக்கு வருகின்றன. தன்மைக்கு ஷால், முன்னிலைக்கும் படர்க்கைக்கும் வில், உறுதியோ ஆணையோ தோன்ற வேண்டுமாயின் இரண்டும் இடம் மாறும். இப்பாடத்தை நானும் மனப்பாடம் செய்தவன்தான். ஆயினும் இதனைத் தடையின்றி ஒப்பிக்கும் மாணவர் பலர், “நாளை என்ன செய்யப்போகிறாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டால் திகைத்து நிற்கக் காண்கிறேன்.

இவ்விதியை வகுத்தளித்தவர் ஜான் வாலிஸ் என்னும் கணித அறிஞர். முடிவிலியைக் குறிக்கும் குறியைக் கணக்குக்குத் தந்தவரும் அவரே. 1653-இல் அவர் ஆங்கிலத்துக்கு ஓர் இலக்கணம் எழுதினார்; அதையும் இலத்தீனில் எழுதினார்! நீரில் மூழ்கிய ஒருவன் இவ்விரு சொற்களையும் மாற்றிக் கூவினானாம், “நான் மூழ்கியே தீருவேன், எவரும் என்னைக் காப்பாற்றலாகாது” என்று அது பொருள்பட்டதால் கரையிலிருந்தோர் வாளா நின்றனராம். விதியைப் புகட்டுவதற்கென்றே கட்டிய கதை இது. 1925-இல் சார்லஸ் ஃப்ரீஸ் என்னும் அமெரிக்க அறிஞர் நாடக உரையாடல்களை ஆராய்ந்து எண்ணிப் பார்த்தபோது, தன்மையிலும் ‘வில்’லே மிகுதியாக வழங்கக் கண்டார்.

‘செய்வேன்’ என்னும் நம் சொல்லில் வகரம் நடுவே நின்று எதிர்காலம் காட்டுகிறது. ஆங்கில வினைக்கு அத்தகைய இடைநிலை இல்லை. பழைய ஆங்கிலத்தார் நிகழ்கால வினையைக் கொண்டே நாளையையும் பேசினர். ஷால் என்பது கடப்பாட்டையும், வில் என்பது விருப்பத்தையும் குறித்த சொற்கள். பின்னாளில் போதலைக் குறிக்கும் ‘கோயிங் டு’வும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. ஆகவே, இது எந்தக் காலம் என்று மட்டும் கேட்டால் விடை கிடைக்காது. பேசுகிறவன் எதனை ஆதாரமாகக் கொண்டு பேசுகிறான் என்று கேட்க வேண்டும்.

வானம் கறுத்துவிட்டது, மழை வரப்போகிறது. அறிகுறி கண்ணெதிரே இருப்பதால் இங்கே ‘கோயிங் டு’. கதவு தட்டப்படுகிறது, “நான் திறக்கிறேன்” என்று எழுகிறீர்கள். அந்நொடியிலேயே பிறந்த முடிவாதலின் ‘வில்’. திங்களன்று மருத்துவரைப் பார்க்க நேரம் குறித்தாயிற்று. அதற்கு ‘ஐ ஆம் சீயிங்’ என்பது பொருந்தும். நாளைக் காலை 6 மணிக்குப் புறப்படும் வண்டிக்கு ‘லீவ்ஸ்’ என்னும் நிகழ்காலமே போதும். கால அட்டவணை அதனை முன்னரே முடிவு செய்துவிட்டது. இது நமக்குப் புதிதன்று. ‘நாளை வருகிறேன்’ என்கிறோம். உள்ளேயிருந்தே ‘இதோ வந்தேன்’ என்கிறோம். விரைவு பற்றி வந்த கால வழுவமைதி என்று நம் இலக்கணத்தார் அதற்கு இடமும் தந்திருக்கின்றனர்.

நம் மாணவர் இடறுவது பெரும்பாலும் வேறிடத்தில். ‘அவன் தினமும் வருவான்’ என்பதில் உள்ளது வழக்கம். தமிழில் எதிர்கால வினை அதற்கும் பயன்படும். அப்படியே ‘வில் கம்’ என்று பெயர்த்தால், இனிமேல்தான் வரத் தொடங்குவான் என்று கேட்போர் எண்ணக்கூடும். ‘கம்ஸ்’ என்பதே தக்கது. அவ்வாறே, ‘அவன் நாளை வந்தால்’ என்பதற்கு ‘இஃப் ஹி வில் கம்’ என்று எழுதுகின்றனர். வந்தால் என்னும் சொல்லை உற்று நோக்குங்கள். அதில் இருப்பது இறந்தகால உருவம்! நாமே அங்கு எதிர்காலத்தைப் பயன்படுத்துவதில்லை; ஆங்கிலேயரும் ‘இஃப் ஹி கம்ஸ்’ என்று நிகழ்காலத்தில் நிறுத்திக்கொள்கின்றனர். தாய்மொழியைக் கவனித்தவனுக்கு இப்பிழை நேராது.

ஷால் வழக்கொழிந்துவிட்டதா என்று சிலர் கேட்பர். “நான் சன்னலைத் திறக்கட்டுமா?” என்னும் வினாவில் அது இன்றும் உயிரோடிருக்கிறது. சட்டத்தில் அதற்கு இன்னும் பெருமை உண்டு. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டத்தின் முதற் பிரிவு, இந்தியா மாநிலங்களின் ஒன்றியமாக இருக்க வேண்டும் என்பதை ‘ஷால் பி’ என்றே கூறுகிறது. அது வருவதுரைக்கும் சோதிடமன்று. பழைய கடப்பாட்டுப் பொருளே அங்கு நின்று ஆணையிடுகிறது.