டோக்கியோ நிலையத்தில் ஒரு கிண்ணம் ராமென்



ரயில் நிலையத்து உணவு என்றதும் நம்மில் பலருக்கும் ஓர் எண்ணமே எழுகிறது. வண்டி வருமுன் வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். சுவையைப் பற்றிப் பேசுதற்கு அங்கே இடமில்லை. நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு நாள், டோக்கியோ ரயில் நிலையத்தின் நிலவறையில் ஒரு கிண்ணம் உணவுக்காக 50 நிமிடம் வரிசையில் நின்றேன். அதன் பொருட்டு ஒரு ரயிலையும் இழந்தேன்.

அந்நிலையம் 1914-ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பெற்றது. தட்சுனோ கிங்கோ என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த செங்கல் மாளிகை அதன் மேற்கு முகமாக விளங்குகிறது. 1945-ஆம் ஆண்டின் குண்டுவீச்சில் அதன் குவிமாடங்களும் மேல்மாடியும் எரிந்து போயின. 2012-இல்தான் பழைய உருவம் முழுமையாக மீண்டது. நாள்தோறும் பல லட்சம் பேர் இந்நிலையத்தின் வழியே செல்கின்றனர். கிழக்குப் பக்கத்து நிலவறையில் 'ராமென் தெரு' என்று ஒரு பகுதி 2009-இல் தோன்றியது. தெரு என்பது பெயரளவில்தான். மேலே வானம் இல்லை. நான் சென்றபோது எட்டுக் கடைகள் அங்கே அருகருகே இருந்தன.

அவற்றுள் ரொக்குரின்ஷா என்னும் கடையின் வாயிலில் வரிசை மிக நீண்டு வளைந்து கிடந்தது. அக்கடைக்கு ஒரு வரலாறு உண்டு. டோக்கியோவின் ஒசாக்கிப் பகுதியில் 2005-இல் சிறியதாகத் தொடங்கப்பெற்றது அது. நாளடைவில் கூட்டம் பெருகி, தெருவில் நின்ற வரிசை அக்கம்பக்கத்தாருக்கு இடையூறாகிவிட்டமையால், 2010-இல் அந்த முதற்கடையையே மூடிவிட்டனர். வாங்குவோர் இல்லாமல் மூடிய கடைகளை நாம் அறிவோம். வாங்குவோர் மிகுந்து மூடிய கடையை நான் அன்றுதான் கேள்வியுற்றேன்.

கியோட்டோவுக்கு 12 மணி 30 நிமிடத்திற்குப் புறப்படும் வண்டியில் எனக்கு இடம் பதிவாகியிருந்தது. கடிகாரத்தில் மணி 11.20. நேரம் இருக்கிறது என்று துணிந்து வரிசையில் சேர்ந்துகொண்டேன்.

கடை முகப்பில் ஓர் இயந்திரம் நின்றது. பணத்தை இட்டுப் பொத்தானை அழுத்தினால் உணவுச் சீட்டு வெளிவரும். பொத்தான்கள் பலவாக இருந்தன. எழுத்தோ எனக்குத் தெரியாது. கையில் நோட்டுடன் திகைத்து நின்றேன். பின்னால் இருந்தவர்கள் எவரும் முணுமுணுக்கவில்லை. அதுவே என்னை மேலும் கூச வைத்தது. பள்ளிச் சீருடை அணிந்த மாணவன் ஒருவன் மெல்லக் கை நீட்டி, இடப்பக்கத்து மேல்வரிசைப் பொத்தானைச் சுட்டிக் காட்டினான். அழுத்தினேன். சீட்டு விழுந்தது.

நாங்கள் வரிசையில் நிற்கும்போதே பணிப்பெண் ஒருத்தி வந்து சீட்டுகளை வாங்கிச் சென்றாள். இதன் காரணம் பிறகுதான் விளங்கியது. இக்கடையின் நூடுல்ஸ் கனமானது. வெந்து முடியப் பத்து நிமிடத்திற்கு மேலாகும். ஆள் அமர்ந்த பிறகு உலையில் இட்டால் அத்தனை நேரமும் அவன் இருக்கையை அடைத்துக்கொண்டு வெறுங்கையோடு காத்திருப்பான். ஆகவே, அவன் அமருமுன்பே அவனுக்குரிய பங்கு கொதிநீரில் விழுந்துவிடுகிறது. அப்பெண்ணே காகித மார்புத்துணி ஒன்றையும் காட்டி, வேண்டுமா என்று சைகையால் வினவினாள். குழந்தைகளுக்கு உரியது என்று எண்ணிப் புன்னகையுடன் மறுத்துவிட்டேன்.

ராமென் பிறப்பால் சீனத்துக்கு உரியது. 1910-இல் டோக்கியோவின் அசாகுசாவில், யோக்கோஹாமாவின் சீனர் குடியிருப்பிலிருந்து சமையற்காரர்களை வரவழைத்து நடத்தப்பெற்ற ராய்ராய்க்கென் என்னும் கடை அதனை மக்களிடையே பரப்பியது. கோதுமை மாவைக் காரத்தன்மையுள்ள உப்புநீர் விட்டுப் பிசைகின்றனர். அதனால்தான் நூடுல்ஸ் மஞ்சள் நிறமும், கடித்தால் எதிர்க்கும் துள்ளலும் பெறுகிறது.

நான் உண்ணச் சென்றது அதன் ஒரு கிளையான சுகேமென். இதில் நூடுல்ஸ் ஒரு கிண்ணத்திலும் சாறு மற்றொன்றிலும் வரும். தோய்த்து உண்ண வேண்டும். இதனை மக்களுக்கு அளித்தவர் யமகிஷி கசுவோ. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய வறுமைக் காலத்தில், பதினேழு வயதில், கடையொன்றில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். வடிகூடையில் ஒட்டி எஞ்சும் நூடுல்ஸைச் சேர்த்து வைத்து, சாறும் சோயா சாஸும் கலந்த குவளையில் தோய்த்துப் பணியாளர் உண்பது அங்கே வழக்கம். அதைக் கண்ட வாடிக்கைக்காரர்கள், 'எமக்கும் அதையே தரலாகாதா?' என்று கேட்கத் தொடங்கினர். 1955-இல் அது விலைப் பட்டியலில் ஏறியது. 1961-இல் யமகிஷி கிழக்கு இக்கெபுகுரோவில் தமக்கென ஒரு கடை திறந்தார். தம் கைப்பக்குவத்தை மறைத்து வைக்காமல் மாணாக்கர் பலருக்கும் கற்பித்தார். 2015-இல் அவர் மறைந்தார். சிந்தாமல் சேர்த்த மிச்சத்துக்காகத்தான் அன்று அத்தனை பேரும், நான் உட்பட, வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்!

12.10-க்கு இருக்கை கிடைத்தது. ஒரு கிண்ணத்தில் குளிர்நீரில் அலசிய, விரற்கடைக்குச் சற்றே மெலிந்த மஞ்சள் நூடுல்ஸ்; மற்றொன்றில் கரும்பழுப்பான, கூழ்போல் தடித்த சாறு. அதன்மேல் மிதந்த கடற்பாசித் தாளின்மீது சிறு குவியலாக மீன்தூள். பன்றி, கோழி எலும்புகளும் உலர்ந்த மீனும் நெடுநேரம் கொதித்த சாறு அது. (சைவ உணவினர் மனம் தளர வேண்டா, தாவரப் பொருள்களாலேயே ராமென் ஆக்கும் கடை ஒன்றும் அதே நிலையத்தில் உண்டு.)

அறையில் பேச்சில்லை. உறிஞ்சும் ஒலி மட்டும் எல்லாத் திசையிலும் எழுந்தது. உண்ணும்போது ஒலி எழுப்பினால் என் தந்தையார் இலையைவிட்டு எழச் சொல்வார். அந்த அச்சம் அறுபது வயதிலும் போகவில்லை. முதல் சில வாய்களை மெல்லக் கடித்து உண்டேன். சுவை பாதியே தெரிந்தது. பிறகு துணிந்து உறிஞ்சினேன். காற்றும் நூடுல்ஸும் ஒருங்கே உட்செல்ல, மணம் மூக்கின் பின்புறமாக ஏறியது. நம் தென்கரையில் மாசி எனப்பெறும் சூரைக் கருவாட்டின் மணம்! அப்பொழுதுதான் அவ்வொலியின் பயன் புரிந்தது.

அறிவியல் பயிலும் மாணவர்கட்கு ஒன்று சொல்லவேண்டும். இகேடா கிகுனாயே என்னும் ஜப்பானியப் பேராசிரியர், 1908-இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டாமேட் என்னும் பொருளைப் பிரித்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். அவருடைய மாணவர் கொடாமா 1913-இல் உலர்ந்த சூரை மீனில் இனோசினேட் என்னும் மற்றொன்றைக் கண்டார். இவ்விரண்டும் ஒன்று சேர்ந்தால் சுவை கூட்டலாக வளர்வதில்லை, பெருக்கலாக வளர்கிறது.  சமையற்காரர்கள் அதனை வேதியியல் பயிலாமலே அறிந்திருந்தனர்.

என் அருகில் நரைத்த தலையர் ஒருவர் அமர்ந்திருந்தார். பத்து நிமிடத்திற்குள் அவர் முடித்துவிட்டார். இவ்வளவு விரைந்து உண்பவருக்கு உணவில் என்ன பற்று இருக்கும் என்று முதலில் எண்ணினேன். அவரோ எஞ்சிய சாற்றுக் கிண்ணத்தைச் சமையற்காரரிடம் நீட்டினார். தெளிந்த வெந்நீர்ச் சாறு அதில் வார்க்கப்பட்டது. தடித்திருந்த சாறு பருகத்தக்கதாயிற்று. இரு கைகளாலும் ஏந்தி, கண்ணை மூடிக் கடைசித் துளிவரை பருகினார். கிண்ணங்களை மேற்பலகையில் ஏற்றி வைத்தார். தாம் அமர்ந்த இடத்தைத் தாமே துடைத்தார். பின்னால் நின்ற வரிசையை ஒருமுறை நோக்கிவிட்டு எழுந்தார். அவ்விருக்கை அடுத்தவருடையது என்பதை அவர் ஒரு கணமும் மறந்திருக்கவில்லை.

எழுந்தவர் என் கிண்ணத்தைப் பார்த்தார். நானும் அவ்வாறு செய்யவேண்டும் என்று விரலால் காட்டினார். என் கடிகாரத்தில் மணி 12.22. அப்பொழுதே ஓடினால் வண்டியைப் பிடித்துவிடலாம். அவரோ விடைபெறாமல், நான் என்ன செய்கிறேன் என்று பார்த்தபடி நின்றார். கிண்ணத்தை நீட்டினேன்.

பெட்டியை இழுத்துக்கொண்டு நடைமேடையில் ஏறியபோது, என் வண்டியின் பின்விளக்குகள் வளைவில் மறைந்துகொண்டிருந்தன. நொடி தவறாத நாட்டில் யாரை நொந்துகொள்வது? அதே சீட்டுடன் அடுத்த வண்டியின் பதிவில்லாப் பெட்டியில் ஏறிக்கொள்ளலாம் என்றார் அலுவலர். நகோயா வரை நின்றே சென்றேன். அங்கே ஓர் இருக்கை ஒழிந்தது. அமர்ந்து, மேற்கோட்டைக் கழற்றினேன். எதிரே இருந்த சிறுமி என் சட்டையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். குனிந்து நோக்கினேன். வெள்ளைச் சட்டையின் மார்பில் மூன்று பழுப்புத் துளிகள் இருந்தன.