நோவு நீக்கும் மாத்திரைகள்: அவற்றின் வேலையும் விளைவும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்திய சொற்பொழிவு)



விதை வாங்குமுன் அது முளைக்குமா என்று விசாரிக்கிறோம். மாடு பிடிக்குமுன் பல்லையும் சுழியையும் பார்க்கிறோம். கடன் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் வட்டி இன்னதென்று கேட்டுக்கொள்கிறோம். ஆனால் நம் தேகத்தினுள்ளே செல்லும் மாத்திரையைப் பற்றி ஒன்றும் கேளாமல் விழுங்கிவிடுகிறோம். நாற்று நட்ட இடுப்பு நோவுக்கு ஒன்று, தலைநோவுக்கு ஒன்று, அடுத்த வீட்டார் அன்புடன் கொடுத்தது ஒன்று என்று நாள்தோறும் உண்போர் அநேகர். அம்மாத்திரைகள் உள்ளே சென்று யாது செய்கின்றன என்பதையும், அவற்றால் நேரும் கெடுதிகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் தெளிவாக எடுத்துரைப்பதே என் உத்தேசம்.

முதலாவது அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு. மருந்துக்கு இடம் தெரியாது. முழங்கால் நோவுக்கென்று நாம் உண்ணும் மாத்திரை முழங்காலைத் தேடிச் செல்வதில்லை. அது குடலிற் கரைந்து இரத்தத்தில் கலந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை எங்கும் பரவுகிறது. முழங்காலில் அது செய்யும் வேலையையே வயிற்றிலும் சிறுநீரகத்திலும் செய்கிறது. ஓரிடத்தில் அவ்வேலை நமக்கு நன்மையாயிருக்கிறது. மற்றோரிடத்தில் தீமையாய் முடிகிறது. பக்க விளைவு என்று வைத்தியர்கள் சொல்வது பெரும்பாலும் இதுவே.

ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்லோஃபினாக் ஆகிய மூன்றும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. இவற்றுள் ஆஸ்பிரின் 1899-ஆம் ஆண்டிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. எனினும் அது நோவை எவ்விதம் தணிக்கிறது என்பது எழுபது ஆண்டுகளுக்கு மேல் விளங்காமலே இருந்தது. 1971-ஆம் ஆண்டில் ஜான் வேன் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி அதைக் கண்டறிந்தார். அதன் பொருட்டு 1982-ஆம் ஆண்டில், ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் இருவருடன் அவருக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

அவர் கண்டது யாதெனில், நம் தேகத்தில் ப்ராஸ்டகிளாண்டின் என்னும் பொருள்கள் ஓயாமல் உண்டாகின்றன. அடிபட்ட இடத்தில் அவை மிகுந்து வீக்கத்தையும் நோவையும் உண்டாக்குகின்றன. அவற்றை உண்டாக்கும் நொதியை இம்மாத்திரைகள் தடுத்துவிடுகின்றன. உடனே நோவு தணிகிறது. ஆனால் அதே பொருள்கள் வயிற்றின் உட்சுவரில் வழவழப்பான பூச்சு ஒன்றைக் காத்து, வயிற்றிலுள்ள அமிலம் வயிற்றையே அரித்துவிடாமல் தடுக்கின்றன. சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தக் குழாய்களையும் விரிந்திருக்கச் செய்கின்றன.

இதை நம் வாய்க்கால் பாசனத்தோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். ஒரு வயலில் தண்ணீர் மிஞ்சிக் கரை உடைகிறது. அந்த வயலின் மடையை மட்டும் அடைக்க வழியின்றித் தலைமதகையே அடைத்துவிடுகிறோம். உடைப்பு நின்றுவிடும், அதில் ஐயமில்லை. ஆனால் கடைமடை வரையில் எல்லா வயலும் காய ஆரம்பிக்கும். ஒரு நாள் இரண்டு நாள் அடைத்தால் பயிர் தாங்கும். மாதக்கணக்கில் அடைத்து வைத்தால் என்னவாகும் என்பதை உழவர்களாகிய உங்களுக்கு நான் சொல்லவேண்டுவதில்லை.

ஆகையால்தான் இம்மாத்திரைகளை வெறும் வயிற்றில் உண்ணலாகாது என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். நெடுநாள் உண்போருக்கு வயிற்றில் புண் உண்டாகி இரத்தம் கசியக்கூடும். மலம் தாரைப் போலக் கறுத்துப் போனால் அதுவே அறிகுறி. அப்போது ஒரு நாளும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். மற்றொரு விஷயம் வெயிலில் உழைப்போர் அனைவரும் மனத்திற் கொள்ளவேண்டியது. வியர்வையால் தேகத்தின் நீர் வற்றியிருக்கும் வேளையில், சிறுநீரகத்துக்கு இரத்தம் செல்வது இப்பொருள்களின் உதவியைக்கொண்டே. அறுவடைக் காலத்தில் போதிய தண்ணீர் அருந்தாமல், மாலைதோறும் நோவு மாத்திரையை உண்பவர் தம் சிறுநீரகத்தின் தலைமதகை அடைக்கிறார். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்போருக்கும், முதியோருக்கும் இந்த அபாயம் அதிகம். கர்ப்பவதிகள் வைத்தியரைக் கேளாமல் இவற்றைத் தொடவே கூடாது.

ஆஸ்பிரின் இரத்தம் உறைவதையும் தடுக்கிறது. இருதய நோயாளிகளுக்கு வைத்தியர்கள் அதைச் சிறு அளவில் நாள்தோறும் கொடுப்பது இக்குணத்தைக் கருதியே; அவர்கள் அதைத் தாமாக நிறுத்திவிடலாகாது. அதே குணம் டெங்கு ஜுரத்தில் இரத்தப் பெருக்குக்கு வழிசெய்யும். ஆகவே ஜுரம் இன்னதென்று தெரியாத நிலையில் ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் டைக்லோஃபினாக்கும் ஆகா. ஜுரம் கண்ட குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் ஈரலையும் தாக்கும் கொடிய நோய் வரக்கூடும்.

அப்படியானால் பாரஸிட்டமால் உண்ணலாமே என்பீர்கள். உண்ணலாம், அது வயிற்றைப் புண்ணாக்குவதில்லை. ஆனால் அதற்கும் ஓர் எல்லையுண்டு. அம்மருந்தில் ஒரு சிறு பகுதி ஈரலில் நஞ்சாக மாறுகிறது. ஈரலில் உள்ள ஒரு பொருள் அந்நஞ்சை உடனுக்குடன் முறித்துவிடுகிறது. அளவு மீறினால் அந்தக் கையிருப்பு தீர்ந்துபோய், நஞ்சு ஈரலையே அழிக்கிறது. ஆரோக்கியமுள்ள பெரியவர் ஒருவர் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல், உண்ணலாகாது. மதுபானம் செய்வோருக்கும் மெலிந்தவர்களுக்கும் எல்லை இதனினும் குறைவு. ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றிலும் பாரஸிட்டமால் கலந்திருப்பதால், இரண்டு பெயரில் ஒரே மருந்தை இரட்டிப்பாக உண்டுவிடுதல் எளிது. அளவு மீறியவர் முதல் நாளில் நன்றாகவே காணப்படுவார். அதைக் கண்டு ஏமாறலாகாது. மாற்று மருந்து உண்டு. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் அது மிக நன்றாகப் பலிக்கும். அறிகுறிக்காகக் காத்திருப்பவர் அந்த நேரத்தை இழந்துவிடுகிறார்.

ஜலதோஷத்துக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமைன் மாத்திரையும் இந்த நியாயத்துக்கு உட்பட்டதே. மூக்கில் நீர் ஒழுகச் செய்யும் ஹிஸ்டமின் என்னும் பொருளை அது தடுக்கிறது. மூளையில் அதே ஹிஸ்டமின் நம்மை விழித்திருக்கச் செய்கிறது. ஆகவே மூக்கு அடங்கும்போது கண்ணும் அயர்கிறது. அம்மாத்திரையை உண்டுவிட்டு டிராக்டர் ஓட்டுவதும், கிணற்று விளிம்பில் வேலை செய்வதும், கதிரடிக்கும் யந்திரத்தில் கை வைப்பதும் அபாயம்.

ஓரிடத்தில் நன்மை செய்யும் மருந்து வேறோரிடத்தில் எவ்வளவு பெரிய நாசத்தை விளைவிக்கும் என்பதற்கு, நம் தேசத்திலேயே நடந்த ஒரு திருஷ்டாந்தம் சொல்கிறேன். முன்னே செத்த மாடு கிடந்த இடத்தில் பிணந்தின்னிக் கழுகுகளாகிய பாறுகள் வட்டமிடும். இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 1992-ஆம் ஆண்டுக்கும் 2007-ஆம் ஆண்டுக்கும் இடையே ஆயிரத்துக்கு ஒன்று என்னும்படி குறைந்துபோயின. காரணம் 2004-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நோவுக்காக மாடுகளுக்குப் போட்ட டைக்லோஃபினாக் ஊசியே அது. மாட்டுக்கு அது சுகம் தந்தது. அம்மருந்து உடலில் இருக்கும்போதே இறந்த மாட்டின் மாமிசத்தைத் தின்ற பறவைகளோ சிறுநீரகம் கெட்டு மடிந்தன. 2006-ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கான டைக்லோஃபினாக் தடை செய்யப்பட்டது. மனிதர் மருந்தை மாட்டுக்குத் திருப்பிவிடாதபடி 2015-ஆம் ஆண்டில் பெரிய புட்டிகளும் தடுக்கப்பட்டன. கால்நடைகளுக்கு மெலோக்ஸிகம் என்னும் மருந்து உண்டு. அது பாறுகளுக்குத் தீங்கு செய்வதில்லை. மாட்டு வைத்தியரிடம் அதைக் கேட்டு வாங்குவது நம் கடமை.

சங்கத்தாராகிய நாம் செய்யக்கூடியவை சில உண்டு. அட்டையின் மேல் பெரிதாக அச்சிட்ட வியாபாரப் பெயரை விட்டு, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்கப் பழகவேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளைகள் படித்துக் காட்டலாம். எத்தனை வேளை, எத்தனை நாள், உணவுக்கு முன்பா பின்பா என்று கடையிலேயே கேட்டறிய வேண்டும். வேறு என்ன மாத்திரை உண்கிறோம் என்பதை வைத்தியரிடம் மறையாமல் சொல்லவேண்டும். சிவப்புக் கோடிட்ட அட்டையிலுள்ளதை வைத்தியர் சீட்டின்றி வாங்கலாகாது. ஒருவருக்கு எழுதிக் கொடுத்ததை மற்றொருவருக்கு இரவல் தரலாகாது. கூட்டுறவுச் சங்கங்களே பல ஊர்களில் மருந்துக் கடை நடத்துகின்றன. சீட்டில்லாமல் விற்க மறுக்கும் கடைக்காரரைக் கோபியாமல், அவர் நம் நன்மையைக் காக்கிறார் என்று உணரவேண்டும்.

மருந்தைக் கண்டு அஞ்சும்படி நான் சொல்லவில்லை. தலைமதகை அடைக்கவேண்டிய காலமும் உண்டு. ஆனால் அடைத்த கைக்கு மீண்டும் திறக்கும் நாள் நினைவிருக்க வேண்டும். நான்கு நாளுக்கு மேலும் நோவு தீரவில்லையென்றால், வேண்டுவது ஐந்தாம் நாள் மாத்திரையன்று, நோவின் காரணத்தை ஆராயும் வைத்தியரே. இவற்றை இங்கு வராத அங்கத்தினர்களுக்கும், முக்கியமாக வீட்டிலுள்ள முதியோருக்கும் எடுத்துச் சொல்லுமாறு வேண்டிக்கொள்கிறேன்.