எண்ணெய் கசிவது எங்கிருந்து?



நூறு சிசி பைக் எஞ்சினின் பக்கவாட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் சேர்ந்து கறுத்துக் கிடக்கும். மெக்கானிக் பார்த்ததுமே, "ஹெட் பேக்கிங் போயிடுச்சு சார், இறக்கணும்" என்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால், இறக்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் உண்டு.

பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் பேக்கிங், அதாவது ஹெட் கேஸ்கெட். பெட்ரோல் எரியும் அழுத்தத்தை வெளியே விடாமல் தடுப்பது அதன் முதல் வேலை. மேலே போய் வரும் எண்ணெயைச் சிந்தாமல் காப்பது இரண்டாவது. ஆகவே கசிவும் இரண்டு வகை.

எண்ணெய் கீழே வழியும். ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னால் தள்ளும். ஓட்டு வீட்டில் சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலேயா ஓடு உடைந்திருக்கிறது? டேப்பெட் மூடியின் ஓ-ரிங் தேய்ந்தாலும், எண்ணெய் இறங்கி ஹெட் இணைப்பில்தான் வந்து நிற்கும். எஞ்சின் ஆறியதும் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். நன்றாகக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். பவுடர் முதலில் நனையும் இடமே கசிவின் வாய். அது டேப்பெட் மூடியில் இருந்தால், ஒரு ரப்பர் வளையத்தோடு வேலை முடிந்தது.

அழுத்தம் கசிந்தால் கிக்கர் லேசாக இறங்கும், இழுவை குறையும். வால்வோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்தாலும் இப்படித்தான் ஆகும். அதனால், ஆறிய எஞ்சினில் இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிக் கிக்கரை மிதியுங்கள். குமிழி வந்தால் குற்றவாளி கேஸ்கெட்தான்.

இனி இறக்கலாம். சூடான எஞ்சினில் கை வைக்கக் கூடாது. நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரே மூலையில் முழுதாகக் கழற்றினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டை உளி வைத்துச் சுரண்டினால் கீறல் விழும். அந்தக் கீறலே அடுத்த கசிவுக்கு வழி. பிறகு ஹெட்டின் மேல் நேர்ச்சட்டம் வைத்து, இடுக்கில் ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்க்க வேண்டும். பல சிறிய பைக்குகளுக்கு 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. அதைத் தாண்டினால் ஹெட்டைச் சமப்படுத்தாமல் புது கேஸ்கெட் போட்டுப் பயனில்லை.

பாதுகாப்புக்கு என்று கேஸ்கெட்டின் மேல் பேஸ்ட் அப்பவும் கூடாது. பிதுங்கிய பேஸ்ட் எண்ணெய்த் துளையை அடைத்தால், மேலே கேம் ஷாஃப்ட் எண்ணெயில்லாமல் தேய்ந்து போகும். நட்டுகளை டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு, எதிரெதிராக இரண்டு மூன்று தவணையில் முறுக்கியபின், டைமிங் குறிகளைப் பொருத்துங்கள். கடைசியில் டேப்பெட் இடைவெளியையும் சரிபாருங்கள்.

கழற்றிய பழைய கேஸ்கெட்டை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். நடுத்துளையிலிருந்து விளிம்புவரை கருகிய கோடு ஓடியிருந்தால், அழுத்தம் அந்த வழியாகத்தான் வெளியேறியிருக்கிறது. ஹெட்டிலும் அதே இடத்தை அளந்தாரா என்று கேளுங்கள். அளக்கவில்லை என்றால், மூடுவதற்கு முன் அளக்கச் சொல்லுங்கள்.